கன்னியர் மடத்தில் ஒரு மூன்றரை

பதினொரு வருடமாக நான் வான் ஓட்டுகிறேன். காலை ஐந்தேமுக்காலுக்கு மொன்றியலின் வடக்கே அஹுன்ட்சிக்கில் மெட்ரோ வாசலில் நிறுத்தினால் எங்கள் பெண்கள் ஒன்பது பேர் ஏறுவார்கள். பாலம் தாண்டி, லவாலைக் கடந்து, பெருஞ்சாலையை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே இன்னும் அரை மணி நேரம் போனால் ஒரு கிராமம். அங்கே கரட்டும் வெங்காயமும் கழுவிப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில்தான் எங்கள் எல்லோருக்கும் வேலை. அவர்கள் அடுக்குவார்கள், நான் தூக்குவேன். பின்னேரம் அதே வானில் திரும்புவோம்.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. யாராவது என்னிடம் ஏதும் கேட்டால் முதலில் காது சூடாகும், பிறகுதான் பதில் வரும். இது தெரிந்த நாளிலிருந்து என்னிடம் கேள்வி கேட்பதே அந்த வானில் பொழுதுபோக்கு. நேற்று என்ன கறி என்று தொடங்குவார்கள். மீன் என்றால் என்ன மீன், எங்கே வாங்கியது, யார் வெட்டியது என்று லவால் முடியும்வரை போகும். இதில் முன்னுக்கு நிற்பவர் மன்னார் அக்கா. மன்னாரில் பிறந்தவர் என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். மைக் இல்லாமலே கடைசி வாங்கில் இருப்பவர்வரை கேட்கும். வானில் கடைசி வாங்கு எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஒரேயொரு பெருமை உண்டு. என் பிரெஞ்சு. ஊரில் ஓ.எல். பரீட்சையுடன் படிப்பு முடிந்துவிட்டது. இங்கே வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய வகுப்பில் பத்து மாதம் பிரெஞ்சு படித்தேன். வாய் திறக்காமல் எழுதிக்கொண்டே இருந்ததால் ஆசிரியை என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட்டார். அதை நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். கொட்டகையின் சொந்தக்காரி, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், என் பிரெஞ்சைச் சுத்தமானது என்று சொல்வார். ஆகவே சம்பளச் சீட்டு, டாக்டர் துண்டு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். மொழிபெயர்க்கும்போது மட்டும் என் காது சூடாவதில்லை. அது என் சொல் இல்லையே, வேறு ஒருவருடைய சொல்.

அந்தக் கிராமத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கன்னியர் மடம் இருந்தது. கன்னியாஸ்திரிகள் வயதாகிப் போய்விட்டார்கள். நகரத்துக் கம்பனி ஒன்று அதை வாங்கி விலை உயர்ந்த கொண்டோ வீடுகளாக்கி விற்கப் பார்த்தது. ஊர்ச் சனத்துக்கு அது பிடிக்கவில்லை. தாங்களே ஒரு சங்கம் அமைத்து, அதை ஒன்பது வீடுகளாகப் பிரித்து, குறைந்த வாடகைக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். சங்கத் தலைவி எங்கள் மதாம்.

அந்த ஊர் ஆட்கள் கொடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒருவர் தன் கொட்டிலில் கிடந்த ஆறு ஜன்னலைக் கொண்டுவந்தார். ஒருவர் குளியல் தொட்டி. பாடசாலை பஸ் ஓட்டுகிறவர் சனிக்கிழமைகளில் வந்து வயர் இழுத்தார். ஓய்வுபெற்ற நோட்டரி ஒருவர் பத்திரம் எல்லாம் சும்மா எழுதிக் கொடுத்து, சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். ஒரு கிழவர் தன் தேனீப் பெட்டிகளில் ஒன்றைத் தந்துவிட்டார். அதை எந்த வீட்டுக்குள் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பெண்களும் இரண்டு சனிக்கிழமை போய் மடத்து ஜன்னல் எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தார்கள். தேநீர் தரட்டுமா என்று மதாம் கேட்டபோது ஒன்பது பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். தேநீர் வரவில்லை. அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒன்பது வீட்டில் ஒன்று, அந்தப் பகுதியில் வேலை செய்கிற, ஆனால் அங்கே வீடு இல்லாத ஒருவருக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். கீழ்த்தட்டில் தோட்டத்தைப் பார்த்த ஒரு மூன்றரை. மொன்றியலில் வீட்டை அப்படித்தான் எண்ணுவோம். மூன்று அறை, குளியலறை அரை.

வானில் என் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஓர் அக்கா இருப்பார். பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்பதால் முன் இருக்கை அவருக்கு. வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கார்ட்டியர்வில்லில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் வீட்டில் பதினாறு வருடமாக இருந்தார். அந்தக் கட்டடத்தைப் புதிதாக ஒருவன் வாங்கியிருந்தான். எல்லாவற்றையும் உடைத்துப் பெரிதாகக் கட்டப் போகிறேன், யூலை முதலாம் திகதிக்குள் வெளியேறுங்கள் என்று கடிதம் வந்தது. அதை எதிர்த்து எழுதலாம் அக்கா என்று நான் சொன்னேன். ஆரோடையும் வழக்காட எனக்கு ஏலாது தம்பி என்று சொல்லிவிட்டார். அவருடைய சம்பளத்துக்கு நகரத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் சமையலறையும் படுக்கையறையும் ஒரே இடம், அதுவும் வேறு மூன்று பேருடன்.

கொட்டகைக்கு நடந்து போகிற தூரத்தில், தோட்டத்துடன், குறைந்த வாடகையில் ஒரு வீடு. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் யூலை முதலாம் திகதியை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வேலைக்குக் கிட்ட எண்டு மட்டும் எழுதும் என்றார். கஷ்டத்தைக் கடிதத்தில் எழுதுவது அவருக்கு வெட்கம். நானும் வெட்கப்படுகிற ஆள். அப்படியே எழுதினேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சங்கம் எங்களைக் கூப்பிட்டது. நானும் அக்காவும் மட்டும் போனோம். மடத்தின் பழைய சாப்பாட்டு அறையில் புதுப் பெயின்ட் மணத்தது. நீளமான மேசையில் ஐந்து பேர். அக்கா இளநீலச் சேலை கட்டி, கோட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார், சேலை தெரியட்டும் என்று. மதாம் வீட்டின் வரைபடத்தை விரித்து, ஜன்னல் எங்கே, அடுப்பு எங்கே என்று காட்டினார். பிறகு நேராகப் பார்த்து, இந்த வீடு உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.

அக்கா தலையைச் சரித்துச் சிரித்தார். கையை நெஞ்சில் வைத்தார்.

"ஐயோ வேண்டாம் தம்பி. எனக்கேன் இவ்வளவு பெரிய வீடு. எத்தினை கஷ்டப்பட்ட சனம் இருக்கு, அதுகளுக்குக் குடுக்கச் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. "நொன் மெர்சி", வேண்டாம் நன்றி, என்று தொடங்கி, கஷ்டப்பட்ட சனம் என்ற இடத்தில் வகுப்பில் படித்த நல்ல சொல் ஒன்றும் சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

நோட்டரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பஸ் ஓட்டுகிறவர் எழுந்து வந்து அக்காவுக்குக் கை கொடுத்தார். மதாம் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, இப்படி ஒரு மனசை நான் கண்டதில்லை என்றார். நோட்டரி ஏதோ எழுதிக் கீழே கோடு போட்டார். பிறகு எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அக்காவும் சிரித்தபடியே வந்து வானில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, சேலையைச் சரிசெய்தார்.

பெருஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"தம்பி, திறப்பு எப்ப தருவினமாம்?"

"எந்தத் திறப்பு அக்கா?"

"வீட்டுக் கதவுத் திறப்பு."

"நீங்கள் வேண்டாம் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னன். அவை பேந்து கேக்கேல்லையே." அவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொன்னனீர்?"

"வேண்டாமாம் எண்டு."

"அப்பிடியேவோ?"

"அப்பிடியே."

நான் இறங்க வேண்டிய வெளிவழி அந்த இடத்தில் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி வர இருபது நிமிடம். அக்கா கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் தரம் கேட்டால் வேண்டாம். இரண்டாம் தரம் கேட்டால், சும்மா இருங்கோ, உங்களுக்கேன் கரைச்சல். மூன்றாம் தரம் கேட்டால் கை தானாக நீளும். முதல் தரமே ஓம் என்று சொல்கிறவனை, சாப்பாட்டைக் காணாதவன் என்று சொல்வோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் மொழிபெயர்க்கும்போது நான் மனிதனாக இருப்பதில்லை, குழாயாகிவிடுகிறேன். இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அக்கா அங்கே இரண்டாம் கேள்விக்காகக் காத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அவர்கள் அதைத் தியாகத்தின் சிரிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா சொன்னார்: "அந்த மனிசன் கண்ணைத் துடைக்கேக்க நான் நினைச்சன், எனக்கு வீடு கிடைச்ச சந்தோசத்தில எண்டு." பிறகு, இன்னும் ஏழு கிழமை இருக்குத் தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வானில் அக்கா பேசாமல் இருந்ததை மன்னார் அக்கா பாலத்துக்கு முன்பே கவனித்துவிட்டார். பாலம் முடிவதற்குள் முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது. பின்னால் இருந்த எட்டுப் பேரும் என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"சொன்னதை அப்பிடியே சொன்னவராம்," என்றார் மன்னார் அக்கா. "கிளிக்கும் அது ஏலும். கிளி வானும் ஓட்டாது, காசும் மிச்சம்."

பின்னால் இருந்த ஒருத்தி, இவரைப் பொம்பிளை பார்க்க அனுப்பினால் பொம்பிளை வேண்டாம் என்றவளாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்றாள். நான் கலியாணம் செய்யாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள். சிரிக்காதவர் முன் இருக்கை அக்கா மட்டும்தான். அதனால்தான் எனக்கு அதிகம் சுட்டது.

அன்று மதாமிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு முறை போனேன். முதல் முறை, என்ன என்று அவர் கேட்டதும் காது சூடாகி, மூன்றாம் வயல் வெங்காயத்தில் ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் வெங்காயம்தான். மூன்றாம் முறை அவரே என்னைக் கூப்பிட்டார். உங்கள் அக்கா சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த வீட்டுக்கு வேறு விண்ணப்பம் இல்லையாம். மற்ற வீட்டுக்காரர்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற விருந்தினர் அறையாக அதை மாற்றலாம் என்று நோட்டரி சொல்கிறாராம். வருகிற ஞாயிறு மடத்தில் நிதிக்காக மத்தியானச் சாப்பாடு, அங்கே எல்லாவற்றையும் அறிவிக்கப் போகிறோம், நீங்களும் ஏதாவது கொண்டுவருவீர்களா என்று கேட்டார். நான் போய் எங்கள் பெண்களைக் கேட்டேன். பெரிசா ஒண்டும் இல்லை, சும்மா கொஞ்சம் கொண்டுவாறம் எண்டு சொல்லும் என்றார்கள். போய் அப்படியே சொன்னேன். அவ்வளவு நடந்த பிறகும் அப்படியே சொன்னேன்.

திரும்பும்போது வானில் கூட்டம் நடந்தது. நான் ஓட்டினேன், அவர்கள் தீர்மானித்தார்கள். கேள்வியைத் திரும்பக் கேட்கப் பண்ண வேண்டும், அதுதான் வழி. எங்கள் வழக்கத்தை மதாமுக்கு விளக்கிச் சொல்கிறேன், எங்களுடைய முதல் வேண்டாம் உண்மையான வேண்டாம் இல்லை என்று, என நான் மெதுவாகச் சொன்னேன். வானே ஒன்றாகக் கத்தியது.

"பேந்து சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் எண்டு சொல்லேக்க என்ன செய்யிறது?" என்று மன்னார் அக்கா கேட்டார். "மூண்டு தரம் கேட்டுக்கொண்டு நிப்பா மனிசி. எங்கட வேண்டாமைத் தூக்கி அவவின்ரை கையில குடுக்கப் போறீரோ?"

"அப்ப என்ன சொல்லுறது?"

"மொழிபெயர்த்தது பிழை எண்டு சொல்லும்."

"அது பிழையில்லையே அக்கா."

"சரியாச் செய்துதானே மனிசி தெருவில நிக்குது. இனிப் பிழையாச் செய்து பாரும்."

எனக்கு இருந்த ஒரேயொரு பெருமையை அவர்கள் ஒரு பாலத்திலிருந்து மறு பாலம் போவதற்குள் எடுத்துக்கொண்டார்கள். நான் முன் இருக்கையைப் பார்த்தேன். அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். சரி என்றேன்.

அன்றிலிருந்து வானில் பயிற்சி. அக்கா முதல் தரமே "வீ" என்று சொல்லப் பழக வேண்டும். பிரெஞ்சில் ஓம் என்பதற்கு அவ்வளவுதான், ஒரு எழுத்து. வாய் நோகாது. கடைசி வாங்கிலிருந்து ஒரு டொஃபி முன்னுக்கு வரும். "அக்கா, டொஃபி வேணுமோ?" வேண்டாம் என்பார். வான் முழுக்க முனகும். திரும்பவும் கேட்பார்கள். புதன்கிழமை டொஃபிக்கு வீ வந்தது. வியாழக்கிழமை அவித்த முட்டைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, வீடு வேணுமோ என்று மன்னார் அக்கா மதாமின் குரலில் கேட்டார். அக்கா வாயைத் திறந்தார். கழுத்து தானாகச் சரிந்தது, கை தானாக நெஞ்சுக்குப் போனது. எனக்கேன் என்று தொடங்கிவிட்டார். இந்த மனிசிக்கு முட்டையை மட்டும்தான் வாங்கிக் குடுக்கலாம் என்று மன்னார் அக்கா கைவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனால், எங்களுக்கு ஒதுக்கிய மேசையில் ஒரு கேக் வைக்கலாம். பெரிசா ஒன்றுமில்லை என்று சொன்னவர்களுக்குப் பெரிசா ஒன்று ஏன்? எங்கள் பெண்கள் சும்மா கொஞ்சம் கொண்டுவந்தது என்னவென்றால், மட்டன் ரோல் இருநூறு, மரக்கறிப் பட்டிஸ் இருநூறு, மூன்று பெரிய தட்டு புரியாணி, ஒரு வாளி கச்சான் அல்வா. கன்னியாஸ்திரிகளின் பழைய சலவை அறையிலிருந்து இரண்டு ஸ்திரிக்கைப் பலகைகளை எடுத்துவந்து அவற்றின்மேல் அடுக்கினோம். ஊர் ஆட்கள் பன்றி வாட்டியிருந்தார்கள், ஆப்பிள் பை சுட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் பை மேசையிலிருந்து ஆட்கள் ஸ்திரிக்கைப் பலகைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

வாசலில் ஒரு பெரிய அட்டை வைத்திருந்தார்கள். அழகான எழுத்தில் என் வசனம். நான் வகுப்பில் படித்த நல்ல சொல்லும் அதில் இருந்தது. எங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிற ஒரு பெண், தனக்குக் கிடைத்த வீட்டைக் கஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்று சொன்னார், நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு மர ஆலைக்காரர் மாடிப்படிக்கான பலகை முழுவதையும் சும்மா தந்துவிட்டாராம். அவர் அங்கேதான் ரோல் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். அக்காவைக் காட்டியதும் தொப்பியைக் கழற்றினார். அக்கா என்னிடம், உவர் ஏன் எனக்குத் தொப்பி கழட்டுறார் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அன்று நான் சொல்லத் தொடங்கிய பொய்களில் அது முதலாவது.

மன்னார் அக்கா என் முதுகில் கையை வைத்து மதாம் நின்ற மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் நோட்டரி அறிவிப்புக் கடதாசியுடன் நின்றார். அக்காவும் எங்களோடு.

மதாம், அன்று நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்றேன்.

அவர் சிரித்தார். "உங்கள் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு ஆயிற்றே."

"இல்லை மதாம். நல்லதில்லை."

இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பத்து மாத வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நோட்டரி வாசல் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். அப்போது கஷ்டப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னது என்று மெதுவாகக் கேட்டார். அது நானே சேர்த்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். எட்டு நாள் தூக்கிக்கொண்டு திரிந்த வசனம், ஒரு வான்காரன் தன் பாட்டில் இட்டுக்கட்டியது. தூரத்தில் மர ஆலைக்காரர் இரண்டாவது ரோலை எடுத்தார். அவரிடம் யார் சொல்வது என்று நோட்டரி யோசிப்பது தெரிந்தது.

இதற்கு மேல் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. வானில் தீர்மானித்தது அவ்வளவுதான். என் முதுகில் இருந்த மன்னார் அக்காவின் கையும் போய்விட்டது. காது கொதித்தது. என் சொந்தச் சொல்லாக ஒரு வசனம் சொன்னேன்.

"மதாம், யூலை முதலாம் திகதிக்குப் பிறகு இவருக்கு இருக்க வீடு இல்லை."

மதாம் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு யூலை என்ற சொல் விளங்கிவிட்டது. நிலத்தைப் பார்த்தார். இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை என்று மதாம் என்னிடம் கேட்டார். அதுவும் என் பிழை என்றேன். அந்த ஒரு நாளுக்கு எல்லாப் பிழையும் எனக்குப் பொருந்தியது.

மதாம் நோட்டரியின் கையிலிருந்த கடதாசியை வாங்கி மடித்து வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அந்த வீடு உங்களுக்கு வேண்டுமா?

சுற்றிவர எங்கள் பெண்கள் எட்டுப் பேர். எல்லோருடைய வாயும் வீ என்ற வடிவத்தில் இருந்தது. அக்கா மதாமைப் பார்த்தார். கழுத்து சரியத் தொடங்கியது.

"எனக்கேன் தம்பி இந்த வயசில வீடு. நான் எங்கையாவது ஒரு மூலையில கிடந்திட்டுப் போறன். பாவம், இவ்வளவு பேர் கஷ்டப்பட்டுக் கட்டினது, ஆரும் பிள்ளை குட்டிக்காரருக்குக் குடுக்கச் சொல்லும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீ," என்றேன்.

நோட்டரி புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு நீளமாக ஏதோ சொன்னாரே என்றார்.

"தமிழ் நீளமான மொழி, மெஸ்யூ."

மதாம் அக்காவைக் கட்டிப்பிடித்துக் கொண்டார். பஸ் ஓட்டுகிறவர் திரும்பவும் வந்து கை கொடுத்தார். அவருக்கு எதற்கும் கை கொடுக்கப் பிடிக்கும். மர ஆலைக்காரரிடம் மதாமே போய்ச் சொன்னார். அவர் கையிலிருந்த ரோலை முடித்துவிட்டு, கீழ்த்தட்டு வீடு என்றால் அந்த அம்மா என் படியில் ஏறவே மாட்டாவே என்று மட்டும்தான் கவலைப்பட்டாராம். பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. அட்டையை நோட்டரி கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அக்கா என் சட்டைக் கையை இழுத்தார். வீ என்றால் என்ன என்று அந்த ஒரு கிழமைப் பயிற்சியில் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"நான் வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம் அக்கா."

"இன்னும் ரெண்டு தரம் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் ஸ்திரிக்கைப் பலகைப் பக்கம் போய், யாருக்கும் தேவையில்லாத தட்டுகளை அடுக்கினேன்.

யூன் கடைசியில் வானின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கார்ட்டியர்வில்லிலிருந்து அக்காவின் சாமான்களை ஏற்றிப் போனோம். இரண்டு தடவையில் முடிந்துவிட்டது. பதினாறு வருடம் இருந்த வீட்டில் அவ்வளவுதான் இருந்தது.

எனக்குத்தான் வேலை போய்விட்டது. வான் வேலை இல்லை, மற்றது. முக்கியமான விஷயம் எதுவென்றாலும் மதாம் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. கைபேசியில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்து எங்கள் பெண்களின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அது செய்தி வாசிப்பதைப் போலத் தமிழ் பேசுகிறது. போன மாதம் ஒரு வெக்கையான நாளில், நீங்கள் சிறிது நேரம் இளைப்பாற விரும்புகிறீர்களா என்று அது கேட்டது. வேண்டாம் என்றார்கள் ஒன்பது பேரும். அது பிழையில்லாமல் மொழிபெயர்த்தது. மதாம் மெர்சி என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கரட்டைப் பார்த்தேன்.

என் பக்கத்து இருக்கை இப்போது காலி. மன்னார் அக்கா அதில் வந்து இருக்கப் பார்த்தார், பெல்ட் உடைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் கொட்டகை வாசலில் வானை நிறுத்தும்போது முன் இருக்கை அக்கா ஏற்கனவே அங்கே நிற்பார். தலைக்கு வலை போட்டு, கையுறை போட்டு, மடத்திலிருந்து நான்கு நிமிடம் நடந்து வந்தவர். எங்களைக் கண்டதும் கையைத் தூக்கி மணிக்கூட்டைப் பார்ப்பார்.

"மொன்றியல் ஆக்களை நம்பி ஒரு வேலை தொடங்கேலாது," என்பார். "ஒவ்வொரு நாளும் லேட்."